நாற்றப்பூச்சியை நசுக்கும் முன் அதன் வாயைப் பாருங்கள்

பயத்தங்காய் கோணல் மாணலாகக் காய்க்கிறதா, உரித்துப் பார்த்தால் நடுவில் ரெண்டு மூன்று பருப்பு மட்டும் சூம்பிக் கிடக்கிறதா, தக்காளித் தோலுக்கு அடியில் வெள்ளை வெள்ளையாக மங்கல் விழுந்து, வெட்டினால் அந்த இடம் மட்டும் பஞ்சாக இருக்கிறதா? உரம் பத்தவில்லை, மண் சரியில்லை என்று ஆளாளுக்கு ஒன்று சொல்வார்கள். அதுவும் இருக்கலாம்தான். ஆனால் காலையில் பனி காயும் முன்னால் பந்தலுக்கு அடியில் போய் நின்று காம்பையும் பிஞ்சையும் நிதானமாகப் பாருங்கள். பெரும்பாலும் அங்கே ஒரு பூச்சி ஊசியைச் செருகிக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருக்கும். தொட்டால் மூட்டைப்பூச்சி நாற்றம் கையோடு ஒட்டிக்கொள்ளும்.

மலேசியாவில் தெலுக் இந்தான் பக்கம், நாலு பக்கமும் செம்பனை (எண்ணெய்ப்பனை) சூழ்ந்த ஒரு சின்ன டவுன் எங்களுடையது. தோட்டத்தை விட்டு வெளியே வந்து டவுனில் வீடு வாங்கிய பிறகும் லயத்துப் பழக்கம் யாரையும் விடவில்லை. வீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் இடம் இருந்தால் பயத்தங்காய், வெண்டை, பாகல், ஓரத்தில் கங்கோங் கீரை, ஒரு எலுமிச்சை மரம் என்று எல்லார் வீட்டிலும் இருக்கும். எல்லார் வீட்டிலும் இந்தப் பூச்சியும் இருக்கும். "நாத்தப்பூச்சி" என்று ஒரே பேரில் எல்லாவற்றையும் கூப்பிட்டு, ஒரே மருந்தை எல்லாவற்றுக்கும் அடிக்கிறார்கள். அது எனக்கு மனசுக்கு ஒப்பவில்லை, ஏனென்றால் இதில் நம் காயைக் கெடுப்பதும் உண்டு, நம் காயைக் கெடுக்கும் புழுவைக் கொல்வதும் உண்டு. அதனால் எங்கள் தெருவில் கிடைத்த ஒவ்வொன்றையும் பிடித்துப் படம் எடுத்து, முட்டைகளை டப்பாவில் வைத்து என்ன வெளியே வருகிறது என்று பார்த்து, ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு வந்தேன். அதைத்தான் இங்கே தருகிறேன்.

சாமான் என்று பெரிதாக ஒன்றும் வேண்டாம். கடையில் சாப்பாடு தப்பாவ் பண்ணி, அதாவது கட்டித் தரும் பிளாஸ்டிக் டப்பா, அடியும் மூடியும் தெளிவாகத் தெரிகிற வகை. கைப்பேசியில் மாட்டுகிற சின்ன லென்ஸ். ஒரு மெல்லிய தூரிகை. அளவுக்கு ஒரு 10 சென் காசு, அது குறுக்கே கிட்டத்தட்ட 19 மில்லிமீட்டர். பூச்சியை டப்பாவில் போட்டு ஐஸ்பெட்டியின் கீழ்த்தட்டில் பத்து நிமிடம் வைத்தால் சாகாது, மந்தமாகிவிடும், படம் எடுக்க ஆடாமல் நிற்கும். மேலிருந்து ஒரு படம், பக்கத்திலிருந்து ஒன்று, பிறகு டப்பாவைத் தூக்கி அடியிலிருந்து வயிற்றுப் பக்கம் ஒன்று. இந்த மூன்றாவது படத்தைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். பூச்சி யார் என்பதை அந்தப் படம்தான் சொல்லும்.

முதலில் இது வண்டா, நாற்றப்பூச்சி சேர்ந்த நாவாய்ப்பூச்சிக் கூட்டமா என்று பிரிக்க வேண்டும். வண்டுக்கு முதுகில் இரண்டு கெட்டியான மூடி, நடுவில் நேர்கோடாகச் சேரும். நாவாய்ப்பூச்சியின் முன்சிறகு பாதி தோலாகவும் பாதி கண்ணாடிச் சவ்வாகவும் இருக்கும், முதுகு நடுவில் பெரிய முக்கோணம் ஒன்று தெரியும். வாய் கடிக்கிற வாய் இல்லை, ஊசி. அதை மார்புக்கு அடியில் கால்களுக்கு நடுவே மடக்கி வைத்திருக்கும். அப்புறம் உணர்கொம்பை எண்ணுங்கள். ஐந்து கணு இருந்தால் கேடய வடிவத்து உண்மையான நாற்றப்பூச்சிக் குடும்பத்தின் பக்கம் போகலாம். நாலு கணு என்றால் அதன் ஒன்றுவிட்ட சொந்தங்கள்: கால் தடித்தது, உடம்பு ஒல்லியானது, அல்லது மற்ற பூச்சியைக் குத்தித் தின்பது. லென்ஸ் இல்லாமல் எண்ண முடியாது, ஆனால் எண்ணிப் பழகிவிட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

எங்கள் பந்தலில் அதிகம் பிடித்தது பச்சை நாவாய்ப்பூச்சி, நெசாரா விரிடுலா. 1758-ல் லின்னேயஸ் பெயர் வைத்த பழைய பூச்சி, இன்று வெப்பமான நாடுகள் எங்கும் பரவி இருக்கிறது. ஒன்றரை சென்டிமீட்டர் சுமார், இலைப் பச்சை. முதுகு முக்கோணத்தின் மேல் விளிம்பில் மூன்று சின்ன வெள்ளைப் புள்ளி வரிசையாக இருக்கும், இரண்டு மூலையிலும் ஆளுக்கொரு கரும்புள்ளி. இந்தப் புள்ளிகளைப் பார்த்துவிட்டால் சந்தேகம் வேண்டாம். சில சமயம் தலையும் தோளும் மஞ்சளாக, மற்றது பச்சையாக ஒன்று வரும். பக்கத்து வீட்டு அண்ணன் அதைப் புதுப் பூச்சி என்றே நினைத்துக் கொண்டுவந்தார். அது வேறு இனம் இல்லை, அதே பூச்சியின் இன்னொரு நிறம், டொர்குவாட்டா என்று சொல்கிறார்கள்.

இதன் குஞ்சுகள்தான் ஆளை ஏமாற்றும். சிறகு இல்லை, பச்சையும் இல்லை. சின்னதில் கருப்பு உடம்பில் வெள்ளைப் புள்ளி, வளர வளரப் பச்சை கலந்து ஓரத்தில் சிவப்பும் மஞ்சளும் வரும். ஐந்து முறை தோல் உரித்த பிறகுதான் பெரியதாகும். பொறிவண்டு என்று நினைத்துப் பலர் பாதுகாக்கிறார்கள். பொறிவண்டின் முதுகு மூடி வழவழவென்று மேடாக இருக்கும், நடுவில் கோடு இருக்கும். இந்தக் குஞ்சின் முதுகு தட்டை, மூடி கிடையாது, வயிற்று வளையங்கள் அப்படியே தெரியும்.

அதே பயத்தங்காயில் இன்னும் சிறியதாக, ஒரு சென்டிமீட்டர் அளவில், மஞ்சள் கலந்த பச்சையில், தோளுக்குக் குறுக்கே ஒரு பட்டையோடு இன்னொன்று வரும். அது பியெசோடோரஸ். இரண்டையும் பிரிக்க முட்டையே போதும். நெசாரா முட்டைகள் இலைக்கு அடியில் கூட்டமாக, கோலத்துக்குப் புள்ளி வைத்ததுபோல் வரிசை தப்பாமல் இருக்கும், ஒரு கூட்டத்தில் 30 முதல் 130 வரை. பியெசோடோரஸ் இரண்டே வரிசையாக நீளவாக்கில், பெரும்பாலும் காயின் மேலேயே வைத்துவிடும்.

பயத்தங்காய்க்கு மூன்றாவது எதிரி, கேடய வடிவமே இல்லாத ரிப்டார்டஸ். ஒல்லியாக, பழுப்பாக, பின்தொடை மட்டும் தடித்து முள்ளோடு இருக்கும். பறக்கும்போது குளவி என்று நினைத்து விலகிவிடுவோம், அவ்வளவு வேகம். இதன் குஞ்சு அசல் எறும்பின் உருவம். எறும்பா இல்லையா என்று தெரிய இடுப்பைப் பார்ப்பதை விட வாயைப் பார்ப்பது சுலபம், எறும்புக்குக் கிடுக்கி, இதற்கு ஊசி. முட்டையை ஒவ்வொன்றாக அங்கங்கே விட்டுப் போவதால் முட்டையைத் தேடி அழிக்கும் வேலை இதற்குச் சரிவராது.

பாகல், புடலை, பீர்க்குப் பந்தலில் லெப்டோக்ளாசஸ். கருப்பு, தோளில் ஆரஞ்சுக் கோடு, பின்னங்கால் முழங்காலுக்குக் கீழே இலையாக அகன்று இருக்கும். கங்கோங்கில் வருவது வேறு, ஃபைசோமெரஸ். நல்ல பெரிய பழுப்புப் பூச்சி, கால் தடி, தண்டில் கும்பலாக உட்கார்ந்து சாறு உறிஞ்சும், தண்டு வாடித் தொங்கும். தாய் தன் முட்டை மேலேயே நின்று காவல் காக்கும், குச்சியை நீட்டினால் ஓடாமல் உடம்பைச் சாய்த்து மறைக்கும். சர்க்கரைவள்ளிக் கொடியிலும் இதே பூச்சி. வயலுக்குப் போனால் நெல்லில் பால் பிடிக்கும் நேரத்தில் கதிரில் வரும் ஒல்லிப் பச்சைப் பூச்சி, மலாய்க்காரர்கள் பியாங்காங் என்பது, லெப்டோகொரிசா. நான் நெல் பக்கம் வேலை செய்யவில்லை, அதனால் இத்தோடு விடுகிறேன்.

நாற்றத்தைப் பற்றி ஒரு வார்த்தை. பெரிய பூச்சிக்கு நாற்றச் சுரப்பியின் வாய் நடுக்கால் வேர்ப்பக்கம், மார்பின் இரு ஓரத்திலும் இருக்கும். லென்ஸில் பார்த்தால் சின்னக் கால்வாய் ஒன்று தெரியும், அதைச் சுற்றித் தோல் சொரசொரவென்று இருக்கும். குஞ்சுக்கு முதுகில், வயிற்று வளையங்களின் மேல். அந்த நீரில் இருக்கும் டிரான்ஸ்-2-டெசினல் என்ற பொருள் கொத்தமல்லித் தழையிலும் இருக்கிறது, அதனால்தான் சிலருக்கு இரண்டும் ஒரே வாசம். கண்ணில் பட்டால் எரியும். பிடித்த கையோடு கண்ணைக் கசக்காமல் சவர்க்காரம் போட்டுக் கழுவிவிடுங்கள்.

இனி முட்டை டப்பா. இந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

முட்டைக் கூட்டம் இருக்கும் இலையை ஒரு விரல் அகலத்துக்கு வெட்டி, டப்பாவில் காகிதம் விரித்து வைத்தேன். ஓரத்தில் ஈரப் பஞ்சு கொஞ்சம், முட்டையில் தண்ணீர் படக்கூடாது. மூடியில் ஓட்டை போட வேண்டாம், உள்ளிருந்து வருவது அந்த ஓட்டையை விடச் சின்னதாக இருக்கலாம். மூடிக்குப் பதில் மெல்லிய துணியை ரப்பர் வளையத்தால் இறுக்கிக் கட்டினேன். வெயில் படாத சன்னல் ஓரம் போதும், நம் ஊர் வெப்பத்தில் ஐந்தாறு நாளில் கதை தெரிந்துவிடும்.

நெசாரா முட்டை முதலில் வெளிர் மஞ்சள். பீப்பாய் வடிவம், மேலே வட்ட மூடி, மூடியைச் சுற்றி மெல்லிய வெள்ளை முள் வரிசை. பொரியும் நாள் நெருங்கினால் ரோஜா நிறம் ஏறும், மூடிக்கு அடியில் இரண்டு சிவப்புக் கண்ணும் நடுவில் கருப்பாக ஒரு முக்கோணமும் தெரியும். அந்த முக்கோணம்தான் மூடியைத் தள்ளித் திறக்கக் குஞ்சு வைத்திருக்கும் கருவி. பொரிந்த குஞ்சுகள் கலைந்து போகாது. காலி ஓடுகளின் மேலேயே நெருக்கி உட்கார்ந்திருக்கும், அந்தப் பருவத்தில் செடியைத் தின்பதும் இல்லை. தாய் முட்டையின் மேல் பூசிவிட்டுப் போகும் நுண்ணுயிர்களை அப்போதுதான் வாயில் எடுத்துக்கொள்கிறது. ஆக, ஓட்டின் மேல் கும்பலாக இருக்கும்போதே இலையோடு பறித்துவிட்டால் ஒரு குடும்பம் முழுக்க ஒரே கையில் வந்துவிடும். இரண்டாம் பருவத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் கலைய ஆரம்பிக்கும், பிறகு ஒவ்வொன்றாகத்தான் தேட வேண்டும்.

ஆனால் சில கூட்டங்கள் ரோஜா நிறத்துக்கே போகவில்லை. சாம்பலாகி, பிறகு கருத்துவிட்டன. பூஞ்சணம் பிடித்துவிட்டது என்று நினைத்து இப்படிப்பட்டதைத்தான் நாம் முதலில் தூக்கிப் போடுகிறோம். தூக்கிப் போடாதீர்கள். கொஞ்ச நாள் கழித்து முட்டையின் மேல் ஓரத்தைக் கடித்து ஓட்டை போட்டுக்கொண்டு ஒரு கருங்குளவி வந்தது, ஒரு மில்லிமீட்டருக்குச் சற்றுக் கூடுதல், அவ்வளவுதான். நாற்றப்பூச்சியின் முட்டைக்குள்ளேயே தன் முட்டையை இட்டுவிடும் குளவி அது. முதலில் வந்தவை ஆண்கள். அவை பறந்து போகவில்லை, முட்டைக் கூட்டத்தின் மேலேயே சுற்றிச் சுற்றி நடந்தன. ஒன்று மற்றொன்றைத் துரத்தி இடம் பிடித்துக்கொண்டு, உள்ளேயிருந்து பெண் வெளிவரும் ஓட்டைக்குப் பக்கத்தில் காத்து நின்றது. பெண் தலையை நீட்டியதும் இணை சேர்ந்து, அடுத்த ஓட்டைக்குப் போனது. லென்ஸை வைத்துக்கொண்டு அன்று காலை முழுக்க நான் வேறு வேலை பார்க்கவில்லை.

காலி முட்டை ஓட்டைப் பார்த்தும் நடந்ததைச் சொல்லலாம். பூச்சிக் குஞ்சு வந்திருந்தால் மூடி முழு வட்டமாகச் சுத்தமாகத் திறந்திருக்கும், அந்தக் கருப்பு முக்கோணம் பெரும்பாலும் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும். குளவி வந்திருந்தால் ஓட்டை கிழிந்து, ஓரம் கடித்த தடத்தோடு இருக்கும். செடியில் கிடக்கும் பழைய ஓடுகளை இப்படிப் பார்த்துக்கொண்டே போனால் உங்கள் பந்தலில் குளவி இருக்கிறதா இல்லையா என்று மருந்துக் கடைக்குப் போகும் முன்னால் தெரிந்துவிடும். இந்தக் குளவிகளில் பேர் பெற்றது டிரிசோல்கஸ் பசாலிஸ். நெசாராவை அடக்க ஆஸ்திரேலியாவுக்கு 1933-ல் எகிப்திலிருந்து அதைக் கொண்டுபோனார்கள். என் டப்பாவில் வந்தது அதே இனமா என்பதை நுண்ணோக்கி வைத்திருப்பவர்தான் சொல்ல வேண்டும். எனக்கு வேண்டியது அது வேலை செய்கிறது என்பதுதான். துணியை அவிழ்த்து டப்பாவைப் பந்தலுக்கு அடியிலேயே வைத்துவிட்டேன்.

இப்போது தலைப்பில் சொன்ன வாய்.

வெண்டைச் செடியில் பழுப்பு நிறத்தில், தோளில் கூரான முள்ளோடு ஒரு நாற்றப்பூச்சி. கேடய வடிவம்தான், ஐந்து கணுக் கொம்புதான். எங்கள் தெருப் பெரியம்மா செருப்பைக் கழற்றிவிட்டார். "நில்லுங்க பெரியம்மா, அது வாயில என்ன இருக்குன்னு பாருங்க" என்றேன். ஊசியின் நுனியில் இலை தின்னும் பச்சைப் புழு ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது, பாதி சுருங்கிப்போய். அது யோகாந்தெகோனா ஃபர்செல்லாட்டா, புழு தின்னி. செடி உறிஞ்சும் பூச்சியின் ஊசி மெல்லியது, மடக்கினால் தலைக்கு அடியில் பள்ளத்தில் ஒட்டிப் படுத்துவிடும். புழு தின்னியின் ஊசி தடிப்பாக இருக்கும், பள்ளத்தில் அடங்காது, முன்னால் நேராக நீட்ட முடியும். அடியிலிருந்து எடுத்த படத்தை இரண்டுக்கும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், ஒருமுறை பார்த்தவர் மறக்கமாட்டார். குஞ்சுக்குத் தலையும் மார்பும் கருப்பு, வயிறு சிவப்பு. முட்டை வெளிர் மஞ்சள் இல்லை, கருமை கலந்த பொன்னிறத்தில் மினுங்கும், முள் வரிசை நெசாராவுடையதை விட நீளமாக இருக்கும்.

செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். உலாட் பூங்குஸ் என்கிற பைப்புழு எங்கள் ஹிலிர் பேராக் பக்கம் மரம் மரமாக மட்டையைக் காய வைக்கும். 2013-ல் அரசாங்கம் அதைப் பயிர்த் தடைகாப்புச் சட்டத்தின் கீழ் ஆபத்தான பூச்சி என்று அறிவித்தது. அந்தப் புழுவையும் முள்புழுவையும் குத்தித் தின்பதில் இந்த நாற்றப்பூச்சியும், நீண்ட கழுத்தும் வளைந்த ஊசியும் கொண்ட சைகானஸும் முன்னால் நிற்கின்றன. தோட்ட ரோட்டோரம் வரிசையாகப் பூச்செடி வைத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள்: எட்டு மணிக்குப் பூக்கும் டர்னேரா, ரோஜா நிறக் கொத்தாகப் படரும் ஆன்டிகோனன், மஞ்சள் பூ கேசியா. அது அழகுக்கு வைத்தது இல்லை. புழு இல்லாத நாளிலும் இந்தப் பூச்சிகளும் குளவிகளும் தேன் குடித்துத் தங்குவதற்கு வைத்தது. எங்கள் வேலியோரமும் டர்னேரா வைத்திருக்கிறேன், குச்சி ஒடித்து நட்டாலே வந்துவிடும். சைகானஸை மட்டும் கையால் பிடிக்காதீர்கள், குத்தினால் வலி கடுமையாக இருக்கும்.

மருந்து அடிக்கலாமா என்று கேட்பவர்களுக்கு என் கருத்து இதுதான். எல்லாவற்றையும் கொல்கிற மருந்து அடித்தால் முதலில் சாவது ஒரு மில்லிமீட்டர் குளவி. பெரிய பச்சைப் பூச்சி பக்கத்து வீட்டிலிருந்து மறுநாளே பறந்து வந்துவிடும், நமக்குக் குளிர்காலம் கிடையாது, வருஷம் முழுக்க அது இருக்கும். பயத்தங்காயை ஒரு நாள் விட்டு ஒரு நாள் பறிக்கிறோம், மருந்துச் சீட்டில் பறிக்கக் காத்திருக்கச் சொல்லும் நாள் அதைவிடக் கூடவே இருக்கும், அந்தக் காயைப் பிள்ளைகளுக்கு எப்படிக் கொடுப்பது? நான் செய்வது, விடிந்ததும் பந்தலுக்குப் போவது. அந்த நேரத்தில் அவை உச்சி இலையில் வெயில் காய ஏறும், உடம்பு சுறுசுறுப்பாக இருக்காது. அகல வாய்ப் பாத்திரத்தில் சவர்க்காரத் தண்ணீரை வைத்து அடியில் பிடித்துக் கிளையைத் தட்டினால், தப்பிக்கப் பிடியை விட்டுக் கீழே விழுவதுதான் அதன் பழக்கம், நேராகத் தண்ணீரில் விழும். கருத்த முட்டையை விட்டுவிட்டு மஞ்சள், ரோஜா முட்டைகளை மட்டும் கிள்ளுவது. இதற்குப் பொறுமை வேண்டும், பெரிய நிலத்துக்கு ஒத்துவராது என்பதும் உண்மை. பத்துப் பதினைந்து வரிசை பந்தலுக்குத் தாராளமாகப் போதும்.

எலுமிச்சையில் வேறு ஆள். பளபளவென்று பச்சை, தோள் இரண்டும் கொம்பாகக் கூர்ந்து நுனி கருத்து இருக்கும், ரின்கோகோரிஸ். ஊசி வயிற்றின் கடைசி வரை நீளம், பிஞ்சுக்குள் ஆழமாகப் போகும், பிஞ்சு மஞ்சளாகி உதிரும். இதற்கு நான் கை வைக்கவே இல்லை, மரத்தில் கெரெங்கா கூடு கட்டிவிட்டது. ஊரில் முசுறு என்று சொல்வோமே, அதே சிவப்பு எறும்பு. தென்சீனத்துப் பழத்தோட்டக்காரர்கள் இந்த எறும்புக் கூட்டை விலைக்கு வாங்கிப் பழமரத்தில் கட்டினார்கள், சுமார் 1,700 ஆண்டுப் பழக்கம் அது. கெரெங்கா மாவுப்பூச்சியையும் வளர்க்கும், பழம் பறிக்க ஏறினால் கடிக்கும், அதைப் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

இணையத்தில் படம் தேடுபவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். முதலில் வந்து நிற்பது பெரும்பாலும் அமெரிக்க வீடுகளுக்குள் குளிருக்கு ஒதுங்கும் ஹாலியோமார்ஃபா ஹாலிஸ். பழுப்பு, உணர்கொம்பில் வெள்ளைப் பட்டை, சீனா, ஜப்பான், கொரியாவிலிருந்து அங்கே போனது. நம் தோட்டத்துப் பழுப்புப் பூச்சியைப் பார்த்து அதன் பேரை வைத்துவிடாதீர்கள், அந்த இடத்தில் நம்மிடம் இருப்பது புழு தின்னியாகவே இருக்கலாம். பக்கத்து வீட்டுப் பையன் பிடித்துவந்த கேடாகாந்தஸ் மாதிரி சிலதுக்குக் குழப்பமே இல்லை. ஆரஞ்சு முதுகில் இரண்டு கருங்கண், தலைகீழாகப் பிடித்தால் மனித முகம். அதுவும் செடி உறிஞ்சிதான், ஆனால் எங்கள் காய்கறியில் அது தங்கி நான் பார்க்கவில்லை.

எடுத்து வைக்க நினைப்பவர்களுக்கு: சாராயத்தில் போட்டால் பச்சை நிறம் போய்விடும், உலர வைப்பதே நல்லது. உறைபெட்டியில் வைத்துக் கொன்று, முதுகு முக்கோணத்தின் வலது பக்கம் ஊசி குத்துங்கள், நடுவில் குத்தினால் அடையாளப் புள்ளியும் அடியில் இருக்கும் ஊசிவாயும் கெட்டுவிடும். கீழே ஒரு துண்டுச் சீட்டில் எந்தச் செடி, எந்த ஊர், எந்தத் தேதி என்று எழுதிச் சேர்த்துக் குத்துங்கள். இந்தச் சீட்டு இல்லாத பூச்சியை மாவட்ட விவசாய அலுவலகத்துக்குக் கொண்டுபோனாலும் எந்தச் செடியில் இருந்தது என்றுதான் முதலில் கேட்பார்கள். மொச்சைக் கொடியில் பொறிவண்டு அளவில் உருண்டையாகக் கருகருவென்று வரும் ஒன்று மட்டும் என் பெட்டியில் இன்னும் இல்லை. உங்கள் பக்கம் கிடைத்தால் வயிற்றுப் பக்கப் படத்தோடு அனுப்புங்கள்.